மேல்மாடி இரவிலும் கொதிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

ஏப்ரல் பிறந்தால் மேல்மாடியில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: என்ன செய்தால் வீடு குளிரும்? கடையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் கூலிங் டைல்ஸ் போடுங்கள் என்பார், ஒருவர் ஃபால்ஸ் சீலிங் என்பார், இன்னொருவர் ஒன்றரை டன் ஏசிக்குப் பதில் இரண்டு டன் வாங்குங்கள் என்பார். ஏதோ ஒரு வீட்டுக்கு இவை எல்லாமே சரியாக இருக்கும். உங்கள் வீட்டுக்குள் வெப்பம் எந்த வழியாக, எத்தனை மணிக்கு நுழைகிறது என்று பார்க்காமல் செலவு செய்தால் பணம்தான் போகும், சூடு போகாது. அதனால்தான் பொருள் வாரியாக எழுதாமல் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதல் பகுதியில் இருக்கும் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளியில் இருக்கும் வீடுகளுக்கு. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளின் தேவை வேறு.

முதலில் ஒரு நாள் சோதனை

வெயில் நன்றாக அடிக்கிற ஒரு நாளாகப் பாருங்கள். மதியம் 3 மணி, மாலை 6 மணி, இரவு 9 மணி, அப்புறம் முடிந்தால் 11 மணி. ஒவ்வொரு முறையும் ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு மேற்குச் சுவர், கிழக்குச் சுவர், ஜன்னல் கண்ணாடி. உள்ளங்கையின் சூடு சாதாரணமாக 33, 34 டிகிரி இருக்கும். சீலிங் அதைவிடச் சூடாகத் தெரிந்தால், அது அந்த நேரத்தில் உங்கள் மேல் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கையில் தெரிவதை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

எண்ணாகவே வேண்டும் என்றால், ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்ப்பதற்கென்று செய்த கருவி இதற்கு உதவாது. பளபளப்பான தகரம், அலுமினியத்தாள் மேல் நேராகக் காட்டினால் தப்பான எண் வரும். அங்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் காட்டிப் பாருங்கள்.

கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடியும் தகரமும் வெயில் பட்டவுடன் உள்ளே சூட்டை விட்டுவிடும். 5 அங்குலக் கான்கிரீட் தளத்தில் மேலே அடித்த வெயிலின் உச்சம் உள்பக்கம் வந்து சேர ஏறக்குறைய 3, 4 மணி நேரம் ஆகும். மேலே சுர்க்கியும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த அடுக்கு) ஓடும் இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். 9 அங்குலச் செங்கல் சுவரில் 6, 7 மணி நேரம். ஆக, காலை 9 மணிக்கே அறை கொதித்தால் ஷீட் கூரையோ கிழக்கு ஜன்னலோ காரணம். சாயங்காலம் ஆரம்பித்து வீடு முழுக்க ஒரே மாதிரி அனலடித்தால் தளம். படுக்கப்போகிற நேரத்தில் ஒரு அறையின் ஒரு பக்கம் மட்டும் சுட்டால் மேற்குச் சுவர்.

கடைசியாக ஒன்று. கீழ்வீட்டில் அதே இடத்து அறையில் அதே நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கே பரவாயில்லை, மேலே மட்டும் தாங்க முடியவில்லை என்றால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம், தளம்தான்.

இரவு 9 மணிக்கு ஃபேன் போட்டால் அனலாக இறங்குகிறது

பத்து வீட்டில் ஏழெட்டு வீட்டின் தொல்லை இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோடை நண்பகலில் மொட்டை மாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. மீட்டருக்கு ஒரு இஸ்திரிப் பெட்டியை வரிசையாகக் கவிழ்த்து வைத்து சுவிட்ச் போட்டது போல. பத்து சதுரம் மாடி என்றால் தொண்ணூறுக்கும் மேல். சாம்பல் நிறச் சிமென்ட் பரப்பு இதில் மூன்றில் இரண்டு பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். தளம் மெதுவாக அதைக் குடித்து, நாம் விளக்கை அணைத்துப் படுக்கும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. ஃபேன் அந்தச் சீலிங்கை ஒட்டிய காற்றைத்தான் தள்ளுகிறது. ஃபேனை மாற்றுவதால் இது தீராது.

சூரியனின் பாதையையும் கவனிக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அதனால் கத்திரி வெயில் காலத்தில் தெற்குச் சுவரில் நேர் வெயில் அநேகமாக விழாது. விழுவதெல்லாம் தளத்தில்தான். 'தெற்குச் சுவருக்கு இன்சுலேஷன்' என்று யாராவது விலை சொன்னால், அந்தப் பணத்தை மாடிக்குக் கொண்டுபோங்கள்.

சரி, என்ன செய்யலாம்? செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வெள்ளையாக்குவது. நல்ல வெள்ளைப் பரப்பு வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்புகூடப் போதும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை கலந்து, மாடியை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு இரண்டு மூன்று கை அடிப்பது. மாலையில் ஈரத் தளத்தின் மேல் அடித்தால் நன்றாகப் பிடிக்கும். ஒரு மழைக்காலம் போனால் பாதி கரைந்துவிடும், அடுத்த மார்ச்சில் மறுபடி அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயின்ட் விலை கூடுதல், ஆனால் அதிக நாள் உழைக்கும். வாங்கும்போது டப்பாவில் எஸ்ஆர்ஐ எண்ணைப் பாருங்கள். கறுப்புக்கு 0, தரமான வெள்ளைக்கு 100 என்று வைத்த அளவு அது. 100க்குப் பக்கத்தில் அல்லது மேலே இருந்தால் எடுக்கலாம்.

நிழல். தளத்தில் வெயிலே படாவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை. தலைக்கு மேல் உயரத்தில் கம்பி கட்டி நிழல்வலை போடலாம். வலைக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட வேண்டும், தரையோடு தரையாக விரிக்கக் கூடாது. சோலார் பேனல் போடும் எண்ணம் இருந்தால் ஸ்டாண்டைக் கொஞ்சம் உயர்த்திப் போடச் சொல்லுங்கள், பேனலின் அடியில் இருக்கும் தளம் நாள் முழுக்க நிழலில் இருக்கும். தென்னங்கீற்றுப் பந்தல் மற்ற எல்லாவற்றையும்விடக் குளிர்ச்சி. ஆனால் அதன் கீழே அடுப்பு, விளக்கு, பட்டாசு எதுவும் கூடவே கூடாது. 2004இல் கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். குழந்தைகள் விளையாடும் மாடியில் கீற்று வேண்டாம் என்பதே என் கருத்து.

தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துப்போகிறது. அதனால் சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பது வீண் வேலை இல்லை. பழைய கோணிச் சாக்கை விரித்து நனைத்து வைத்தால் இன்னும் குறைந்த தண்ணீரில் நடக்கும். தளத்தில் விரிசல் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், கம்பிக்குத் துரு ஏறும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் இதையே நம்பி இருக்கவும் முடியாது.

நிரந்தர வழி, தளத்தின் மேல் இன்சுலேஷன். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். 'எங்கள் மாடியில் சுர்க்கி போட்டிருக்கிறோம், இன்சுலேஷன் எதற்கு?' என்று பலர் கேட்கிறார்கள். செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்களே, அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அடி வாங்க வாங்கச் சுண்ணாம்புப் பால் மேலே ஏறி வந்து பரப்பு வழவழவென்று மூடிக்கொள்ளும். வாட்டம் கொடுக்கவும் ஒழுகலைத் தடுக்கவும் அது அருமையான முறை. ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் கணக்கில் 3 அங்குலச் சுர்க்கி, வெறும் தளத்தின் வெப்ப வரவில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் குறைக்கும்.

எக்ஸ்பிஎஸ் என்ற இறுகிய நுரைப் பலகை கான்கிரீட்டைவிட ஏறக்குறைய 50 மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். 1 அங்குலப் பலகை, 4 அடி கனக் கான்கிரீட் செய்யும் தடுப்பைச் செய்கிறது. ஒரு கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பதைக் காட்டும் எண் யூ மதிப்பு, குறைந்தால் நல்லது. வெறும் தளத்தின் யூ மதிப்பு 3.5க்கு மேல் இருக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட வீடுகளுக்கான விதித்தொகுப்பு, ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது. 1 அங்குல எக்ஸ்பிஎஸ் போட்டாலே 1க்குக் கீழே வந்துவிடும். 2 அங்குலம் போட்டால் சுமார் 0.5. ஏசி போடாத வீட்டுக்கு 1 அங்குலமும் வெள்ளை ஓடும் போதும். இரவெல்லாம் ஏசி ஓடும் வீட்டுக்கு 2 அங்குலம் போடுங்கள்.

சீலிங்கின் அடியில் தெர்மாகோல் ஒட்டித் தருகிறேன் என்று வருபவர்களை அனுப்பிவிடுங்கள். வெப்பம் தளத்துக்குள் வந்த பிறகு தடுப்பதைவிட வருமுன் தடுப்பது நல்லது. அதோடு, மூடாமல் விட்ட தெர்மாகோல் தீப்பிடித்தால் அறைக்குள் சொட்டிச் சொட்டி எரியும். வாடகை வீடு, மாடிக்கு அனுமதி இல்லை என்றால் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதன்மேல் 2 அங்குலக் கண்ணாடிக் கம்பளியோ ராக்வுல்லோ விரிக்கலாம். வெறும் ஃபால்ஸ் சீலிங் மட்டும் என்றால் பாதிப் பலன்தான்.

வெள்ளை பெயின்ட் அடித்தாச்சு, பழையபடிதான் இருக்கிறது

மதியம் 1 மணிக்கு வெறுங்காலோடு மாடியில் நின்று பாருங்கள். நிற்க முடிந்தால் பெயின்ட் வேலை செய்கிறது, சூடு வேறு வழியாக வருகிறது. சுவரையும் ஜன்னலையும் பாருங்கள். நிற்க முடியாமல் கால் சுட்டால் பெயின்ட்தான் குற்றவாளி.

பெரும்பாலும் காரணம் தூசி. தெருப்புழுதியும் பாசியும் படிந்தால் ஒரே வருடத்தில் வெள்ளை பழுப்பாகி, திருப்பி அனுப்பும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். மார்ச் தொடக்கத்தில் ஒரு முறை, மே தொடக்கத்தில் ஒரு முறை சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால் போதும். இரண்டாவது, வெள்ளையோடு கிரீம், சாம்பல், இளநீலம் என்று சாயம் கலந்து அடித்திருப்பார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும், வெயிலுக்குத் தெரியாது. மூன்றாவது, சொன்ன அளவைவிடத் தண்ணீர் அதிகம் கலந்து ஒரே கை அடித்து முடித்திருப்பார்கள். டப்பாவில் ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கும். மாடி அளவோடு வகுத்துப் பார்த்தால் எத்தனை டப்பா வந்திருக்க வேண்டும், எத்தனை வந்தது என்று தெரிந்துவிடும்.

கூலிங் டைல்ஸ் போட்டும் பலன் இல்லை என்பவர்களுக்கும் இதே பதில்தான். அந்த ஓட்டில் குளிர்ச்சி தருவது வெள்ளை நிறம். செங்காவி நிறத்தில் 'கூலிங்' என்று போட்டு விற்கும் ஓட்டுக்கும் சாதாரணத் தட்டோட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

மற்ற அறை பரவாயில்லை, ஒரு அறை மட்டும் தாங்க முடியவில்லை

அந்த அறை மேற்குப் பக்கம்தான் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். மாலை 4 மணிச் சூரியன் தாழ்ந்து, சுவரில் நேராக விழுகிறது. லிண்டல் மேல் 2 அடி நீட்டிய சன்ஷேடு உச்சி வெயிலுக்கும் மழைக்கும்தான். சாய்ந்த வெயில் அதன் அடியில் புகுந்து வந்துவிடும். 4க்கு 4 அடி ஜன்னல் கண்ணாடி ஒன்றின் வழியாக மட்டும் 600, 700 வாட் உள்ளே வரும்.

உள்பக்கம் கனமான திரை போடுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். திரையில் பட்ட வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்துவிட்டது. திரை சூடாகி அறையைச் சூடாக்கும். தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், காற்று வரும், வெயில் வராது. கரூர், திருச்சி, வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வைத்தால் உள்ளே வரும் காற்றும் குளிரும். சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், நனைத்தால் புழுக்கம்தான் கூடும். ஏர் கூலரும் அப்படித்தான். உறவினர் வீட்டில் நன்றாக இருந்தது என்று கடலோர ஊருக்கு ஏர் கூலர் வாங்கி வராதீர்கள்.

சுவர்தான் சுடுகிறது என்றால் வெளிப்பக்கம் வெள்ளை அடிப்பது முதல் வேலை. ஒரு முழம் தள்ளிப் பந்தல் கட்டிக் கொடி ஏற்றுவது இரண்டாவது. கோவைக்கொடி, சங்குப்பூ, பாகல் எதுவானாலும் சரி. இடம் இருந்தால் வேம்பு அல்லது புங்கை, சுவரிலிருந்து 12, 15 அடி தள்ளி. சுவருக்கு உள்பக்கம் பலகை அடித்து மூடுவது எனக்குப் பிடித்த வழி இல்லை, ஓதம் இருந்தால் பின்னால் பூஞ்சை பூத்துக் கிடக்கும், தெரியவே தெரியாது.

மாடியில் ஷீட் போட்ட அறை காலையிலேயே அடுப்பாகிவிடுகிறது

தகரமோ கலர் ஷீட்டோ வெப்பத்தைத் தேக்கி வைக்காது, வாங்கிய கணத்தில் கீழே விடும். நல்ல விஷயம், சூரியன் மறைந்ததும் ஆறிவிடும். பகல் தொல்லைதான்.

மேலே வெள்ளை அடித்து, கீழே அலுமினியத்தாள் தடுப்புக் கட்டினால் பெரிய மாற்றம் தெரியும். ஆனால் தாளைக் கட்டும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு டெய்லர் கடையில் பார்த்தேன். பளபளக்கும் தாளைப் பசை தடவி ஷீட்டோடு ஷீட்டாக அழுத்தி ஒட்டியிருந்தார்கள். ஓரங்களில் பசை உருகி மஞ்சளாக வழிந்திருந்தது. தாளைத் தொட்டால் ஷீட்டின் சூடு அப்படியே கையில் சுட்டது. அலுமினியத்தாள் கதிராக வரும் வெப்பத்தைத்தான் தடுக்கும், அதுவும் அதன் பளபளப்பான முகத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான். தொட்டுக்கொண்டிருந்தால் அது வெறும் உலோகம், வெப்பத்தை அழகாகக் கடத்தும். ஷீட்டிலிருந்து குறைந்தது 1 அங்குலம், முடிந்தால் 3, 4 அங்குலம் தள்ளிக் கட்டுங்கள். இரண்டு முனையிலும் காற்று வெளியேற வழி விடுங்கள். புதிதாகவே போடுவதென்றால் நடுவில் நுரை வைத்த பஃப் பேனலுக்குப் போய்விடலாம், விலை கூடினாலும் தொல்லை இல்லை.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதில் துளை போடவோ அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. அதைத் தொடாமல் கீழே தனிச் சட்டம் அமைத்துத் தாளைக் கட்டுங்கள்.

ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது, அறை குளிரவில்லை

கேஸ் குறைவா, ஃபில்டர் அழுக்கா என்பதை மெக்கானிக் பார்க்கட்டும். அவர் எல்லாம் சரி என்று சொல்லிவிட்ட பிறகு கட்டடத்தைப் பாருங்கள்.

ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும் சக்தி. 10க்கு 12 அடி அறையில், வெறும் தளத்தின் வழியாக மட்டும் உச்ச நேரத்தில் 1 முதல் 1.5 கிலோவாட் இறங்குகிறது. மேற்கு ஜன்னல் ஒன்று இருந்தால் இன்னொரு 0.7. ஆட்கள், டிவி, கதவு இடுக்கு எல்லாம் சேர்த்தால் ஏசிக்கு மூச்சுவிட நேரமில்லை. பெரிய ஏசி வாங்குவது இதற்கு மருந்தல்ல. மின்சார யூனிட் கூடக் கூட, யூனிட்டுக்கான கட்டணமும் ஏறும். தளத்துக்கு இன்சுலேஷன் போட்ட வீட்டில் அதே அறைக்கு ஒரு டன் தாராளம்.

அடுத்தது இடுக்கு. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஹால் விளக்கைப் போட்டு, கதவைச் சுற்றி எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். கதவின் அடியில் பட்டையாகத் தெரிவது அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. ரப்பர் பட்டை ஒட்டுவது அரை மணி நேர வேலை. அலுமினியம் ஸ்லைடிங் ஜன்னலில் இரண்டு கதவும் சேரும் நடுக்கோட்டில் பிரஷ் பட்டை தேய்ந்து போயிருக்கும். ஊதுவத்தி கொளுத்தி அருகில் பிடித்தால் புகை ஆடுவது காட்டிக் கொடுத்துவிடும். ஏசி பைப் போகும் சுவர்த் துளையையும் மறக்காதீர்கள், பலர் அதை அடைப்பதே இல்லை. அறையில் கேஸ் கீசரோ அடுப்போ இருந்தால் மட்டும் காற்று வழியை அடைக்கக் கூடாது.

2020 முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம். 26இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் பலருக்கும் போதும். சீலிங் சூடாக இருக்கும் அறையில் இது பலிக்காது. காற்று 24 டிகிரி இருந்தாலும் தலைக்கு மேல் 40 டிகிரிச் சீலிங் இருந்தால் உடம்புக்குச் சூடாகத்தான் தெரியும். அதனால்தான் அந்த அறைகளில் 18 வரை இறக்கிவிடுகிறார்கள்.

ஜன்னல் கண்ணாடி வெளியே வியர்க்கிறது, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை

கடலோர ஊர்களில் அதிகம். கோடையில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம் 25, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும். வெளியே 32, உள்ளே ஏசி 20 என்றால் ஒற்றைக் கண்ணாடி நடுவில் 26 டிகிரியை ஒட்டி நிற்கும், அதனால் வியர்க்கும். ஏசியை 24க்கு ஏற்றினால் கண்ணாடி 28க்குப் போய்விடும், வியர்வை நின்றுவிடும். இதற்காக இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வாங்க வேண்டியதில்லை.

பூஞ்சை கொஞ்சம் சிக்கல். ஏசி அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் குளிர்ந்து, ஏசி இல்லாத பக்கம் பீரோவோ கட்டிலின் தலைப்பலகையோ ஒட்டிக் கிடந்தால், காற்றோட்டம் இல்லாமல் அந்த இடத்தில் ஈரம் தங்கும். பீரோவைச் சுவரிலிருந்து 3, 4 அங்குலம் நகர்த்துங்கள். வால்பேப்பர், எண்ணெய் பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவர் மூச்சுவிடும்படி சுண்ணாம்போ சாதாரண டிஸ்டெம்பரோ அடியுங்கள். பூஞ்சை தரையிலிருந்து மேலே ஏறி வருவது போல இருந்தால் அது அஸ்திவார ஓதம். கூரையிலிருந்து கீழே இறங்கினால் ஒழுகல். அவை இரண்டுக்கும் ஏசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

குழாயைத் திறந்தால் வெந்நீர்

கறுப்பு டேங்க், வெயிலில் கிடக்கும் பைப். டேங்குக்கு வெள்ளை அடியுங்கள், மேற்குப் பக்கம் தட்டியோ நிழல்வலையோ கட்டுங்கள், மாடியில் ஓடும் பைப்புக்கு நுரை உறை போட்டு அதன்மேல் வெயில் தாங்கும் டேப் சுற்றுங்கள். உறையை டேப் சுற்றாமல் விட்டால் ஓரிரு வருடத்தில் பொடியாக உதிரும்.

இன்சுலேஷன் போட்ட பிறகு ஒழுகல், ஓடு கிளம்புகிறது

பொருளில் குறை இருப்பது குறைவு. அடுக்கின் வரிசையில்தான் தவறு நடக்கிறது. கீழிருந்து மேலாக இப்படி வர வேண்டும்: தளம், விரிசல் அடைப்பு, வாட்டர்புரூஃப் பூச்சு, எக்ஸ்பிஎஸ் பலகை, பிரிப்பதற்கு ஒரு பாலித்தீன் அல்லது ஜியோ துணி, கோழிவலை வைத்து 2 அங்குலக் காரை, அதன்மேல் வெள்ளை ஓடு. வாட்டர்புரூஃப் பூச்சைப் பலகைக்குக் கீழே கொடுத்தால் வெயில் அதைத் தொடாது, அது நீண்ட நாள் உழைக்கும். பூச்சு முடிந்ததும் வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, ஒரு நாளாவது வைத்து, கீழே ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகே பலகையை இறக்கவிடுங்கள். மேஸ்திரி அவசரப்படுவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

எக்ஸ்பிஎஸ்ஸுக்குப் பதில் சாதாரணத் தெர்மாகோல் வைத்துவிட்டார்களா என்று விளிம்பை உடைத்துப் பாருங்கள். சின்னச் சின்ன மணிகளாக உதிர்ந்தால் தெர்மாகோல். அது தண்ணீர் இழுக்கும். ஈரம் ஏறிய இன்சுலேஷன் வெப்பத்தையும் தடுக்காது.

ஓட்டைத் தட்டிப் பார்த்தால் 'டொப் டொப்' என்று வெற்றொலி கேட்கிறதா? வெயிலில் விரிய இடம் விடாமல் காரையை ஒரே பாளமாகப் போட்டிருக்கிறார்கள். 10 அடிக்கு ஒரு முறை காரையோடு சேர்த்து வெட்டி, ரப்பர் போல நீளும் சீலண்ட் நிரப்ப வேண்டும். கைப்பிடிச் சுவரின் அடியில் தளம் சேரும் மூலையையும் பாருங்கள். அங்கே வட்டப் பூச்சு கொடுத்து வாட்டர்புரூஃப் பூச்சை முக்கால் அடி சுவரில் ஏற்றியிருக்க வேண்டும். ஒழுகல்களில் பெரும்பாலானவை அந்த மூலையில்தான் தொடங்குகின்றன.

தளம் இன்னும் போடவில்லை என்றால்

நீங்கள் அதிர்ஷ்டசாலி, பாதிக் குறைகளை வரைபடத்திலேயே தீர்த்துவிடலாம். படிக்கட்டு, குளியலறை, ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் மேற்குப் பக்கம் தள்ளுங்கள், அவை வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். படுக்கையறை கிழக்கிலோ வடக்கிலோ தெற்கிலோ இருக்கட்டும். சீலிங்கை ஒட்டி வென்டிலேட்டர் வைக்கும் வழக்கம் போய்விட்டது. எதிரெதிர்ச் சுவரில் இரண்டு வையுங்கள், சூடான காற்று இரவில் வெளியேற அதுதான் வழி.

சுவருக்கு ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல், நல்ல தேர்வு. 8 அங்குலச் சுவர், 9 அங்குலச் செங்கல் சுவரில் வருவதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் உள்ளே விடும். அதற்கென்று இருக்கும் மெல்லிய கலவையில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு வெடிக்கும். செங்கல்தான் வேண்டும் என்றால் எலிப்பொறிக் கட்டு முறையைக் கேட்டுப் பாருங்கள். செங்கல்லை நெட்டாக நிறுத்திக் கட்டுவதால் நடுவே காற்று அறை கிடைக்கும், செங்கல்லும் கால் பங்கு மிச்சம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதையும், தளத்தின் கீழ்ப்பாதியில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து வார்க்கும் ஃபில்லர் தளத்தையும் ஏராளமான வீடுகளில் செய்து காட்டினார். இரண்டும் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டுமே இறங்குங்கள், கம்பி இடைவெளியை இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டும்.

சுவருக்கு ஏஏசி, ஜன்னலுக்கு விலையுயர்ந்த கண்ணாடி என்று செலவழித்துவிட்டு, கடைசியில் பணம் போதவில்லை என்று மாடியை வெறும் சிமென்ட் பூச்சோடு விடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். மதிப்பீடு போடும்போதே தளத்து இன்சுலேஷனையும் வெள்ளை ஓட்டையும் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். தொகை இடித்தால் ஜன்னலிலும் தரை டைல்ஸிலும் குறைத்துக்கொள்ளுங்கள்.